கெரானில் யார் பெயர்?

பினாங்கில் பழைய வேன் ஒன்று விலைக்கு வந்தால், எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்போ பின்போ 'கெரான் யார் பேர்ல இருக்கு?' என்ற கேள்வி வந்தே தீரும். வாகனப் பதிவு அட்டைக்கு மலேசியாவில் கெரான் என்று பெயர். நிலப் பட்டாவுக்கும் அதே சொல்தான். நிலம் வழங்கும்போது அரசு எழுதிக் கொடுத்த தாளின் ஆங்கிலப் பெயரான 'கிராண்ட்', மலாய் நாக்கில் கெரான் ஆகி, பிறகு நிலத்திலிருந்து நாலு சக்கரத்துக்கும் ஏறிக்கொண்டது. சொல்லோடு ஒரு பழைய வழக்கும் சேர்ந்து ஏறியது. கையில் வைத்திருப்பவர் சொந்தக்காரரா, ஏட்டில் பெயர் உள்ளவர் சொந்தக்காரரா என்ற வழக்கு அது. பழைய வண்டியைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, பெயர் மாற்றத்தான் வேண்டுமா என்று தயங்குகிறவருக்கு இந்த ஊரின் நில வரலாறே தெளிவான விடை சொல்கிறது என்பது என் கட்சி.

ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்ட் 11 அன்று தீவைக் கிழக்கிந்தியக் கும்பெனிக்காக எடுத்துக்கொண்டபோது அதன் பெரும்பகுதி காடாகவே இருந்தது. பீரங்கியில் வெள்ளிக் காசை அடைத்துக் காட்டுக்குள் சுட்டார், காசைத் தேடிப் போனவர்கள் காட்டை அழித்தார்கள் என்ற கதையை நம்புகிறவர்கள் நம்பட்டும். வெட்டித் திருத்துகிறவருக்கே நிலம் என்று அவர் வாக்குக் கொடுத்தது மட்டும் கதையல்ல. கத்தி பிடித்த கைதான் அன்று பத்திரம். ஆனால் திருத்திய நிலம் திருத்தியவரிடமே தங்கவில்லை. விற்றார்கள், அடகு வைத்தார்கள், செத்துப்போனார்கள். லைட்டே 1794-இல் இறந்துவிட்டார். முறையான அரச நீதிமன்றத்துக்கு வழிசெய்த சாசனமோ 1807-இல்தான் வந்தது. முதல் 21 ஆண்டுகள் நிலம் கைமாறிய வேகத்துக்கு ஏடு ஈடுகொடுக்கவில்லை. முதல் சொந்தக்காரரைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. காட்டை வெட்டியதை ஊரே பார்த்திருக்கும். இரண்டாம் கையில், மூன்றாம் கையில் வாங்கியவருக்குத்தான் சாட்சி வேண்டும். வண்டியிலும் இதே கணக்குதான். புது வண்டியை விற்கும் கடையே பெயரைப் பதிந்து கொடுத்துவிடுகிறது. சிக்கலெல்லாம் இரண்டாவது கையில் தொடங்குகிறது.

ஏட்டில் எழுதினால் போதும், எல்லாம் தீர்ந்தது என்றும் இந்த வரலாறு சொல்லவில்லை. 1801-இல், தென்னிந்திய முஸ்லிம்களான சூலியரின் தலைவர் கப்பித்தான் கிளிங் காதர் முகைதீன் காலத்தில் பள்ளிவாசலுக்கென்று சுமார் 18 ஏக்கர் வழங்கப்பட்டது. பொதுவுக்கென்று எழுதிய நிலம்தான். ஆனாலும் காலப்போக்கில் அறச்சொத்து நிர்வாகம் சீர்கெட்டு, கணக்கும் வாடகையும் தனியார் கைகளில் சிக்கின. முகமதிய, இந்து அறக்கட்டளைகளுக்கென்று 1905-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. பெயரை ஒருமுறை எழுதினால் மட்டும் போதாது, ஆள் மாறும்போதெல்லாம் ஏடும் கூடவே நடக்க வேண்டும் என்பதை ஊர் அப்போதே பார்த்துவிட்டது.

பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றத்தில் நடப்பிலிருந்தது ஆவணப் பதிவு முறை. பதிவகம் ஆவணத்தைப் பதிந்துகொள்ளும்; ஆனால் விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா என்று உத்தரவாதம் தராது. வாங்குகிறவரின் வழக்கறிஞர் பத்திரத்தின் மேல் பத்திரமாகப் பின்னோக்கிப் போய்ச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் அறவில்லை என்று பார்த்தாக வேண்டும். தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் 1858-இல் இதைத் தலைகீழாக்கினார். அவர் முறையில் ஏட்டில் உள்ள பெயரே உரிமை. காலனி அதிகாரி வில்லியம் மேக்ஸ்வெல்லின் முயற்சியால் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது மலாய் மாநிலங்களில் வேரூன்றியது. பினாங்கு பழைய வழியிலேயே நின்றது. இந்த வேறுபாட்டை வட்டிக்கடைக்காரர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இருந்திருக்க முடியாது. பினாங்கு ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார், பத்திரத்தை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டால் அதுவே அடமானமாக நின்றது. அதே மனிதர் பேராவில் கடன் கொடுத்தால் பட்டாவைக் கையில் வைத்திருப்பது மட்டும் போதாது. நில அலுவலகத்தில் கேவியட் என்னும் தடைக்குறிப்பைப் போட்டால்தான் பிடிப்பு. ஒரே தொழில், ஒரே பெட்டகம், ஆனால் எல்லையைத் தாண்டியதும் கையின் பலம் குறைந்து ஏட்டின் பலம் கூடுகிறது. 1966 ஜனவரி 1 அன்று தேசிய நிலச் சட்டமும், பினாங்கு, மலாக்கா பட்டாக்களுக்கான 1963-ஆம் ஆண்டுச் சட்டமும் நடப்புக்கு வந்தபோது பினாங்கும் ஏட்டின் பக்கம் வந்தது. பழைய ஆவணங்களையெல்லாம் ஆராய்ந்து முதலில் இடைக்கால ஏட்டில் ஏற்றினார்கள். 180 ஆண்டு அசட்டையை எழுத்தில் கொண்டுவரும் வேலை. எளிதில் முடிகிற வேலையா அது?

அசையும் பொருளிலும் பினாங்கு தனிவழிதான் போனது. 1957-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் மலாய் மாநிலங்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. பினாங்கிலும் மலாக்காவிலும் இங்கிலாந்துச் சட்டமே செல்லுபடியானது. கெடாவின் சுங்கைப்பட்டாணியில் விற்ற பழைய லாரிக்கு ஒரு சட்டம், பினாங்கின் பட்டர்வொர்த்தில் விற்றதற்கு இன்னொன்று. 1990-இல்தான் இது ஒன்றானது. எந்தச் சட்டமானாலும் அடிப்படை ஒன்றே: தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் விற்க முடியாது. 1967-ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வாங்கிய காரை, கடன் தீருமுன் தன் விருப்பப்படி கைமாற்றுகிறவர் செய்வது அதைத்தான். ஊர் இதற்குச் 'சம்போங் பாயார்' என்று வீட்டுப் பேச்சுபோல ஒரு பெயர் வைத்திருக்கிறது. தவணை கட்ட முடியாதவர் சாவியைக் கொடுக்கிறார். வாங்குபவர் சிறு தொகை தந்து மீதித் தவணையைத் தொடர்கிறார். கெரானில் பெயர் மாறுவதில்லை. காட்டை வெட்டியவர் வாய்ச்சொல்லில் நிலத்தை விற்றுப்போன 18-ஆம் நூற்றாண்டுதான் இது, டயர் மாட்டி வந்திருக்கிறது.

பதிவு அட்டை உரிமைப் பத்திரமல்லவே, காசு கொடுத்து வண்டியை எடுத்தபோதே சொந்தம் ஆகிவிடாதா என்று சட்டம் அறிந்தவர்கள் கேட்பார்கள். சரியான கேள்விதான். போக்குவரத்து இலாகாவின் ஏடு டோரன்ஸ் ஏடு அல்ல. பழைய பினாங்கின் ஆவணப் பதிவுக்குத்தான் அது நெருங்கிய உறவு. ஆனால் அந்த உத்தரவாதமில்லாத பதிவுக்குத்தானே பினாங்கு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டணம் கட்டினார்கள்? தகராறு வரும் நாளில் பதிந்தவர் ஏட்டைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். பதியாதவர்தான் எழுந்து நின்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்பதே பாதி வழக்கு. விற்றவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகளிடம் நீங்கள் எதை நீட்டுவீர்கள்?

ஏடும் பொய் சொல்லுமே என்பது இன்னும் கடுமையான ஆட்சேபம், அதற்கும் பினாங்கு மண்ணே சாட்சி. தஞ்சோங் பூங்காவில் ஒருவருடைய நிலத்தை, தானே உரிமையாளர் என்று நடித்த ஒரு போலி, மூலப் பட்டா தொலைந்ததாகப் பிரமாணம் செய்து நகல் வாங்கி, அடோர்னா புராப்பர்ட்டீஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். போலி என்று அறியாமல் வாங்கியதால் நிறுவனத்தின் பெயரே நிற்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2000 டிசம்பரில் தீர்த்தது. பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருந்தவர் நிலம் இழந்தார். நாடே அதிர்ந்த அந்தத் தீர்ப்பை அதே நீதிமன்றம் 2010-இல் வேறொரு வழக்கில் தவறென்று ஒதுக்கியது. இதை வைத்து, பதிவை நம்பாதே என்று சொல்லலாமா? திருடன் எதற்காக ஏட்டைக் குறிவைத்தான் என்று பார்த்தாலே போதும். உரிமை அங்கே இருக்கிறது என்பதை அவன் நன்றாகவே அறிந்திருந்தான்.

மிச்சமிருப்பது செலவும் அலைச்சலும், 'நம்ம ஆளுதானே' என்ற நம்பிக்கையும். வண்டியைச் சோதனைக்கு விட வேண்டும், இருவரும் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும், காப்புறுதியைப் புதிதாக எடுக்க வேண்டும். ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மைதான். இந்த நாட்டில் அன்றாடங்காய்ச்சிக்கு அது சிறிய தொகையல்ல, அவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது நியாயமும் அல்ல. ஆனாலும் பெயர் மாற்றாததன் செலவு விற்றவர் தலையிலும் விழுகிறது என்பதை நம்பிக்கை பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். வண்டி கைமாறினால் 7 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்ற கடமையை 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அவர்மேல்தான் வைத்திருக்கிறது. வேகச் சம்மன் அவர் வீட்டுக்கே போகும். விபத்தென்றால் போலீஸ் முதலில் தட்டுவதும் அவர் கதவைத்தான். நட்பை மதிக்கிறவர் நண்பரை இந்த இடத்தில் நிறுத்தமாட்டார்.

2023 பிப்ரவரியிலிருந்து மலேசியர்கள் ரோட்டேக்ஸ் வில்லையைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியதில்லை. போக்குவரத்து இலாகாவின் செயலியில் காட்டினால் போதும். அந்தச் செயலியில் வண்டி பதிந்தவரின் பெயருக்குக் கீழேதான் தோன்றும். அவர் பகிர்ந்தால் மற்றவர் பார்க்கலாம். முன்பு சம்போங் பாயார் வண்டி ஓட்டியவர் காட்டுவதற்குக் கண்ணாடியில் ஒரு துண்டுக் காகிதமாவது இருந்தது. இப்போது அவர் கையில் இருப்பது சாவி மட்டும்.