ஆயக்கட்டு இல்லாத வாய்க்கால்

மேற்குத் தொடர்ச்சி மலையும் வருசநாட்டு மலையும் பழனி மலையின் தென்சரிவும் சூழ்ந்த தேனி மாவட்டத்தில், மலையில் கொட்டும் மழை சில மணி நேரத்திற்குள் ஓடைகளாக இறங்கி, முல்லையாற்றையும் கொட்டகுடி ஆற்றையும் வராக நதியையும் நிரப்பிவிடுகிறது. எனவே நீரைத் தேக்கும் வேலையும் மிகுந்த நீரை வெளியேற்றும் வேலையும் இங்கு ஒரே ஏற்பாட்டின் இரு பகுதிகளாகவே இருந்துவந்தன. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால், நிறைந்தபின் நீர் வழியும் கலிங்கு, அங்கிருந்து அடுத்த கண்மாய்க்குச் செல்லும் மறுகால் ஆகிய மூன்றில் எது தூர்ந்தாலும் ஊருக்குள் வெள்ளம் புகும் என்பதால், அவற்றைப் பேணும் செலவு யாரைச் சேர்ந்தது என்ற கேள்வியும் பழமையானதே.

அக்கேள்விக்குத் தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் கிடைத்த விடை குடிமராமத்து, அதாவது நீரால் பயன்பெறும் குடிகளே செய்துவந்த பராமரிப்பு. மதகு, கலிங்கு போன்ற கட்டுமானங்களின் பெரும்பழுதை அரசோ ஜமீனோ பார்த்துக்கொள்ள, தூர் வாருதல், கரையின் அரிப்பை அடைத்தல், வாய்க்காலில் மண்டிய புதரை வெட்டுதல் ஆகியவை குடிகளின் பொறுப்பாயின. தத்தம் நிலத்தின் அளவுக்கேற்ப ஆளனுப்புவது வழக்கம்; மண்வெட்டியும் கூடையுமாக வந்து நின்ற உழைப்பே அங்கு வரியாகக் கொள்ளப்பட்டது. கண்மாயின் மீன்பாசிக் குத்தகைப் பணம், கரை மரங்களின் வருவாய் முதலியன கிடைத்த இடங்களில் பொதுச் செலவுக்குக் கைகொடுத்தன. இம்முறையைப் பொற்காலமாகப் போற்றி எழுதுவோர், நிலம் ஒருவருடையதாகவும் மண் சுமந்த தோள் பெரும்பாலும் நிலமற்ற இன்னொருவருடையதாகவும் இருந்ததை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

வழக்கம் தளரத் தொடங்கிய காலத்தில் சென்னை மாகாணத்தில் அரசு அதைச் சட்டத்தால் நிலைநிறுத்த முயன்றது. 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம், வெள்ளத்தால் கரை உடையும் அபாயம் நேர்ந்தால் அருகிலுள்ள உழைப்பாளிகளைக் கூலி கொடுத்துக் கட்டாயமாக அழைக்க அதிகாரம் அளித்ததோடு, பாசனத்திற்கோ வடிகாலுக்கோ ஊரார் கூடிச் செய்துவந்த வேலைக்கு வராதவர், தாம் செய்யவேண்டிய உழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு செலுத்தவேண்டும் என்றும் விதித்தது. ஆயினும் ஊர் வழக்கம் இன்னதென்று வழக்காடு மன்றத்தில் நிறுவுவது எளிதாக இல்லாததால், சட்டம் ஏட்டளவில் நின்றது.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1895 அக்டோபரில் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டபோது, ஊரார் தோளில் இருந்த சுமையைவிடப் பன்மடங்கு பெரிய செலவை அரசு ஏற்றது. குத்தகை நிலம் ஏறத்தாழ 8,000 ஏக்கருக்கு, ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை அரசுக் கருவூலத்திலிருந்தே சென்றது. பொறியாளர் பென்னிகுவிக் தம் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் சொல்லப்படும் கதை ஆவணங்களோடு பொருந்துவதில்லை. எனினும் நீருக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதை ஒரு வட்டாரம் இவ்வளவு நன்றியோடு நினைவில் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் போடிநாயக்கனூர், கண்டமனூர் போன்ற ஜமீன்கள் ஒழிந்தபின், மீதமிருந்த பொறுப்பும் அரசையே சேர்ந்தது. புதிய பாசனத்தால் மதிப்பு உயர்ந்த நிலத்தின் உரிமையாளரிடமிருந்து பங்கு பெறும் மேம்பாட்டு வரிச் சட்டம் 1955இல் வந்தது.

சிக்கல், வயல் தெருவானபோது தொடங்கிற்று. தேனி நகருக்குள் ஓடும் ராஜவாய்க்கால் போன்றவை பாசனத்துக்காக வெட்டப்பட்டுப் பின்னர் சாக்கடையையும் மழைநீரையும் சுமக்கலாயின. பாசன வாய்க்காலுக்கு ஆயக்கட்டு, அதாவது அதன் நீர் பாயும் நிலப்பரப்பு உண்டு. ஆகவே யார் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது கணக்கிலேயே இருந்தது. மழைநீர் வடிகாலுக்கு அத்தகைய ஆயக்கட்டு இல்லை. மேட்டுத் தெருக்காரர் தம் வாசலில் நீர் நிற்காததால் தமக்குச் செலவில்லை என்பார். பள்ளத்துத் தெருக்காரரோ மேட்டிலிருந்து வரும் நீருக்குத் தாம் ஏன் பணம் தரவேண்டும் என்பார். 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் சொத்துவரியின் ஒரு கூறாகக் குடிநீர், வடிகால் வரியை அனுமதித்தது. ஆனால் அது வீட்டின் மதிப்பைப் பார்த்ததேயன்றி, நீர் இறங்கும் சரிவைப் பார்க்கவில்லை.

சென்னையை அடுத்த ஆலந்தூரில் 1990களின் இறுதியில் பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் மக்களிடமே பெறப்பட்டது இத்துறையில் பலரும் எடுத்துக்காட்டும் வெற்றி. எனினும் அங்கு பணம் கொடுத்தவருக்கு ஓர் இணைப்புக் குழாய் கிடைத்தது. மழைநீர் வடிகாலில் அப்படிக் காட்டுவதற்கு எதுவும் இல்லை. பணம் கொடாதவரின் தெரு நீரும் அதே கால்வாயில்தான் ஓடும்.

2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீட்டபோது, முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. செலவில் 10 விழுக்காடு பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ பயன்பெறுவோரின் பங்காக வைக்கப்பட்டது. அப்பங்கு கேட்கப்பட்டது பாசனம் பெறும் உழவர்களிடம் மட்டுமே. தம் தெருக்களின் மழைநீரைக் கண்மாய்களுக்கு அனுப்பும் நகரத்தாரிடம் கேட்கப்படவில்லை.