தோல் வேண்டும், கறி வேண்டாமா?

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி உழைத்தவர்களில் நம் மக்கள் ஏராளம். பதனிட்ட தோல் கப்பலேறியது. அன்னியச் செலாவணி வந்தது. நம் வீடுகளில் ஞாயிறன்று மாட்டுக்கறிக் குழம்பு கொதித்தது. மிஞ்சிய கறியை மஞ்சளும் உப்பும் தடவிக் கொடியில் காயப்போட்டோம். வேலையில்லாத நாட்களில் அந்த உப்புக்கண்டம்தான் பிள்ளைகளின் பசியாற்றியது.

2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்பு எழுந்தது, மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது.

தீண்டாமையின் வேர்களில் ஒன்று மாட்டுக்கறி உண்பதன் மீதான வெறுப்பு என்று அம்பேத்கர் 1948இலேயே எழுதினார். தோழர்களே, மாட்டின் தோலால் பெயரெடுத்த ஊரில் அதன் கறிக்கு ஏன் இடமில்லை என்று தொடர்ந்து கேட்போம்.