துண்டும் துணிவும்

உழவரின் தோளில் கிடக்கும் சிறு துணிக்குத் 'துண்டு' என்று பெயர். நாள்தோறும் நம் நாவில் வழங்கும் இவ்வெளிய சொல்லுக்குள் மொழியின் வரலாறும் நம் மக்களின் வரலாறும் அடங்கியுள்ளன. நம் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், இளைஞர்கள் அதனை அறிந்துகொள்வது நலம் எனக் கருதுகிறோம்.

'துணி' என்னும் வினைக்கு வெட்டுதல், அறுத்தல் என்பது பொருள். தறியில் நெய்ததிலிருந்து துணிக்கப்பட்டது துணி, துண்டிக்கப்பட்டது துண்டு. கன்னடத்திலும் தெலுங்கிலும் கூடத் துண்டு என்பது வெட்டிய பகுதியைக் குறிக்கும். சங்க காலத்தில் ஆடைக்கு வழங்கிய 'அறுவை' என்னும் பெயரும் அறுத்தலின் வழி வந்ததே. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் எனத் துணி வணிகர் ஒருவர் சங்கப் புலவர் வரிசையில் இடம்பெற்றுள்ளார். ஐயத்தை அறுத்து முடிவு காண்பது 'துணிதல்' எனப்பட்டது. 'துணிவு' அதிலிருந்து பிறந்தது. ஆகவே துண்டும் துணிவும் ஒரே வேரில் கிளைத்தவை.

காவிரிப் பாசன நாட்டில் துண்டின்றி உழவு வேலை இல்லை. வெயிலுக்கு அது முண்டாசு, நெற்கட்டுச் சுமக்கையில் சும்மாடு, களத்தில் படுக்கை, கூலி நெல்லை முடிந்துகொள்ளும் பை. மாட்டுத் தரகர் அதன் மறைவில் விரல் பிடித்து விலை பேசினர். செல்வர் தோளில் கிடந்தபோதோ அதே துணி 'அங்கவஸ்திரம்' எனவும் 'உத்தரீயம்' எனவும் வடமொழிப் பெயர் பெற்றது.

பெயரில் மட்டுமா வேற்றுமை? பண்ணையார் எதிர்ப்பட்டால் நம் முன்னோர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டவோ அக்குளில் இடுக்கவோ வேண்டியிருந்தது. ஒருவர் சாதியைத் துண்டு கிடக்கும் இடமே சொல்லிற்று. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் ஆடை அணியலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஹட்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் இதனைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

இவ்விழிவு எதிர்ப்பின்றி நிலைத்ததன்று. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி தலைப்பாகையும் மேல்முண்டும் அணிந்து, தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்றார். 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டையொட்டிப் பெண்களிடையே பேசிய அண்ணல் அம்பேத்கர், சாதியைக் காட்டும் உடையையும் அணிகளையும் விட்டொழிக்க அறிவுறுத்தினார். நாகசுரக் கலைஞர் மதுரை சிவக்கொழுந்து கானாடுகாத்தானில் வாசித்தபோது, தோள்துண்டை எடுக்குமாறு சிலர் வற்புறுத்தினர். எடுக்கவேண்டாம் எனத் துணைநின்றவர் தன்மான இயக்கத் தொண்டர் பட்டுக்கோட்டை அழகிரி. கலைஞருக்கே இந்நிலை எனில் பண்ணையாளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

தஞ்சைத் தரணியில் 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் பண்ணையாட்களை ஒன்று திரட்டினர். சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழியவேண்டும் என்பது அவர்கள் முழக்கம். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிமிர்ந்து நின்றதற்கு நம் மக்கள் கொடுத்த விலையும் பெரிது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலிப் போராட்டத்தையொட்டிக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர்.

அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் திருத்தப்பெற்று, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் காலணியோ புத்தாடையோ அணிவதைத் தடுப்பதும் அதன்படி குற்றமாயிற்று. இந்நூற்றாண்டிலும் இவ்வாறு எழுதிவைக்க நேர்ந்ததென்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இளைஞர்களே! முதியோர் சிலர் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வதைக் கண்டு நகையாதீர்கள். அது அவர்கள் விரும்பி ஏற்ற பணிவன்று. அச்சத்தால் பழக்கப்பட்ட கை. அவர்கள் அருகமர்ந்து, பட்டதையும் எதிர்த்ததையும் கேட்டு எழுதி வையுங்கள். ஏடுகளில் ஏறாத அவ்வரலாறு அவர்களோடு மறைந்துவிடலாகாது. கற்றவர் கடமை அதுவேயாகும்.