தட்டுக்குக் காய் வந்த வரலாறு

குழந்தை காய் உண்ண மறுக்கிறது என்பது வீட்டுக்குள் எழும் முறையீடு. அரசுப் பள்ளிகளின் வரலாறு எழுப்பும் வினா வேறு: குழந்தையின் தட்டுக்குக் காய் எப்போது வந்தது?

1920இல் சென்னை ஆயிரம்விளக்குப் பள்ளியிலும், 1956இல் காமராசர் ஆட்சியிலும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் உணவுத் திட்டங்களின் முதல் நோக்கம் பசியாற்றுதலும் பள்ளிக்கு ஈர்த்தலுமே. 1995இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பல மாநிலங்கள் தானியத்தையே வழங்கின. சமைத்த உணவு வழங்குமாறு 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அடுப்பு எரிந்த பின்னரே காய்க்கு இடம் பிறந்தது. 2009ஆம் ஆண்டின் திருத்தப்படி தொடக்க வகுப்புக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய். உயர்தொடக்க வகுப்புக்கு 75 கிராம்.

கர்நாடகத்தில் பழம் வந்த வழி வேறு. 2021 டிசம்பரில் சில வடமாவட்டப் பள்ளிகளில் முட்டை வழங்கப்பட்டது. முட்டை உண்ணாதவர்க்கு வாழைப்பழம். 2022இல் இது மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. பழம் தனக்கென வரவில்லை. முட்டைக்கு மாற்றாகவே வந்தது.

பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி, கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களின் நிலத்தில் 1970களின் இறுதியில் உருவானது. அங்கே மென்பொருள் ஊழியரின் பிள்ளைக்குப் பழத்தைப் பெற்றோர் தெரிவு செய்கின்றனர். கட்டடத் தொழிலாளியின் பிள்ளைக்கு அரசாணை தெரிவு செய்கிறது. ஒரு சுவை பலமுறை உண்டபின்பே குழந்தைக்குப் பழகும். அந்தப் பலமுறையை அளிப்பது அறிவுரையன்று, நிதி ஒதுக்கீடு.