தமிழ் வரலாற்றுத் திரைப்படங்களின் கதைக்காலவரிசை

தமிழ் வரலாற்றுத் திரைப்படங்களின் கதைக்காலவரிசை என்பது, தமிழில் வெளிவந்த வரலாற்றுத் திரைப்படங்களை அவை வெளியான ஆண்டின்படி அல்லாமல், அவற்றின் கதை நிகழும் காலத்தின்படி அடுக்கிக் காட்டும் வரிசையாகும். வெளியீட்டு ஆண்டின்படி வீரபாண்டிய கட்டபொம்மன் (1959) முன்னும் பொன்னியின் செல்வன் (2022, 2023) பின்னும் நிற்கும். கதைக்காலத்தின்படி பொன்னியின் செல்வன் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. தமிழக வரலாற்றைப் பாடநூலில் படிப்பதற்கு முன்பே திரையில் கண்டுவிடும் மாணவர் பலர். எந்தப் படம் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது, அதில் சான்றுள்ள பகுதி எது, கற்பனை எது என்று பிரித்தறிய இவ்வரிசை உதவுகிறது.

வரிசைப்படுத்தும் முறை

இத்தகைய வரிசைகள் கொரிய வரலாற்றுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எளிதாக அமைகின்றன. சோசன் அரசமரபின் ஆண்டுக்குறிப்புகள் 1392 முதல் 1863 வரை 25 அரசர்களின் ஆட்சியைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்துள்ளன. எனவே ஒரு தொடரில் வரும் அரசர் யாரென்று தெரிந்தால் அதன் இடமும் தெரிந்துவிடும். தூர்தர்சன் 2006இல் ஒளிபரப்பிய 'டே ஜாங் கும்' தொடரின் அரசர் சுங்சோங் (1506–1544). அதாவது அக்கதை நம் நாட்டில் கிருட்டிணதேவராயர் ஆண்ட காலத்தில் நடக்கிறது. அரசமரபுகளின் தொடக்கக் கதைகளுக்கு வரும்போது கொரியாவிலும் இந்த உறுதி குலைகிறது. 2010இல் வந்த கிம் சுரோ பற்றிய தொடரில் இடம்பெறும் அரசி ஹோ, ஆயுத்தா என்ற நாட்டிலிருந்து கி.பி. 48இல் கடல் வழியாக வந்தவர் என்று கூறும் சாம்குக் யூசா, 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட நூலாகும். அந்நாட்டை அயோத்தி என்பாரும் தமிழகம் என்பாரும் உளர். இரண்டையும் உறுதிசெய்யும் கல்வெட்டுச் சான்று இல்லை.

தமிழகத்தில் தொடர்ச்சியான அரண்மனை ஆண்டுக்குறிப்புகள் கிடைக்கவில்லை. கல்வெட்டுகளும் செப்பேடுகளுமே அடிப்படை. அவை பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டையே குறிக்கின்றன. அரசன் எப்போது முடிசூடினான் என்பதை வானியல் குறிப்புகள், சக ஆண்டுக் கல்வெட்டுகள், அண்டை நாட்டு ஆவணங்கள் ஆகியவற்றைக் கொண்டு ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். ஆகவே கீழே வரும் ஆண்டுகளில் சில நாள் வரை துல்லியமானவை, சில தோராயமானவை.

கந்தன் கருணை (1967) போன்ற புராணப் படங்களுக்கு இவ்வரிசையில் இடமில்லை. நாடோடி மன்னன் (1958), வஞ்சிக்கோட்டை வாலிபன் (1958) போன்று கற்பனை நாடுகளில் நடப்பவற்றுக்கும் இல்லை. அரண்மனையும் வாள்சண்டையும் இருப்பதால் மட்டும் ஒரு படம் வரலாற்றுப் படம் ஆகிவிடாது. பெயரைக் கொண்டும் முடிவு செய்ய இயலாது. இம்சை அரசன் 23ம் புலிகேசி (2006) படத்தின் பெயரில் 7ஆம் நூற்றாண்டுச் சாளுக்கிய மன்னனின் பெயர் இருந்தாலும், கதையில் வருவது ஆங்கிலேயர் காலத்துக் கற்பனைப் பாளையம்.

சங்ககாலமும் காப்பியக் காலமும்

கண்ணகி (1942), பூம்புகார் (1964) ஆகிய இரண்டும் சிலப்பதிகாரக் கதையைக் கூறுவன. கண்ணகி கோயில் விழாவுக்கு இலங்கை மன்னன் கயவாகு வந்தான் என்று காப்பியம் கூறுவதையும், இலங்கை வரலாற்றில் முதலாம் கயவாகு 2ஆம் நூற்றாண்டில் ஆண்டதையும் இணைத்து, சேரன் செங்குட்டுவன் காலம் கணிக்கப்பட்டது. சங்ககால வரலாற்றின் ஆண்டுக்கணிப்பு பெருமளவு இந்த ஒரே முளையில் கட்டப்பட்டுள்ளது. காப்பியம் இயற்றப்பட்ட காலம் அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது என்று கருதுவோர் பலர். எனவே இவ்விரு படங்களையும் 2ஆம் நூற்றாண்டில் வைப்பது வழக்கம் பற்றியதே.

அவ்வையார் (1953) இதைவிடச் சிக்கலானது. கே. பி. சுந்தராம்பாள் நடித்த இப்படத்தின் அவ்வை ஒருவரே. இலக்கிய வரலாற்றில் அப்பெயருடைய புலவர்கள் ஒருவருக்கு மேற்பட்டோர். அதியமானைப் பாடிய சங்கப் புலவரும் ஆத்திசூடி இயற்றியவரும் பல நூற்றாண்டுகள் இடைவெளி உடையவர்கள். படத்தை ஓர் ஆண்டில் அன்றி ஒரு மரபில்தான் வைக்க முடியும்.

பல்லவர் காலம்

கல்கியின் புதினத்தைத் தழுவிய பார்த்திபன் கனவு (1960), முதலாம் நரசிம்மவர்மன் (630–668) காலத்தில் அமைகிறது. பல்லவ மன்னன் வரலாற்று மாந்தன், சோழ இளவரசன் விக்கிரமன் கற்பனை. வாதாபிப் போரைக் கூறும் சிவகாமியின் சபதம் கல்கி பின்னர் எழுதியதாயினும், அதன் கதை பார்த்திபன் கனவுக்கு முந்தியது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஏ. பி. நாகராசனின் திருவருட்செல்வர் (1967) பக்திப் படமாகவே அறியப்படுகிறது. ஆயினும் அதில் வரும் அப்பர், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவராகக் கொள்ளப்படுபவர். சேக்கிழாரோ இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவர். இவர்கள் இருவரோடு சுந்தரரும் ஒரே படத்தில் வருவதால், அதை ஐந்து நூற்றாண்டுகளுக்குமேல் பிரித்துப் பதிய வேண்டியுள்ளது. சிவாசி கணேசன் அத்தனை பேராகவும் நடித்திருப்பது பட்டியலிடுபவருக்கு உதவுவதில்லை.

தொண்டை மண்டலச் சான்றுகளும் பொன்னியின் செல்வனும்

பல்லவர் ஆட்சி மறைந்து சோழர் ஆட்சி எழுந்த காலமே தமிழ்ப் புதினங்களிலும் திரையிலும் மிகுதியாகப் பேசப்படுவது. இக்காலத்துக்குரிய முதன்மைச் சான்றுகள் சில, தஞ்சையில் அன்றி, ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணிப் பகுதியில் கிடைத்துள்ளன.

மலைமேல் உள்ள முருகன் கோயிலால் பெயர் பெற்ற திருத்தணியில், பல்லவர் மரபின் இறுதி மன்னர்களுள் ஒருவனான அபராசிதவர்மன் காலத்து வீரட்டானேசுவரர் கோயிலும் உள்ளது. நம்பி அப்பி என்பவர் இதைக் கற்றளியாக எடுப்பித்தார். அதைப் பற்றிய வெண்பா ஒன்று அரசனே இயற்றியது என்று கல்வெட்டு கூறுகிறது. இந்த அபராசிதனே, ஏறத்தாழ 880இல் நடந்த திருப்புறம்பியம் போரில் சோழரும் கங்கரும் துணைநிற்கப் பாண்டியனை வென்றவன். பின்னர் அதே சோழன், முதலாம் ஆதித்தன், அபராசிதனைக் கொன்று தொண்டை மண்டலத்தைக் கைப்பற்றினான்.

இச்செய்தியைத் தருவது திருவாலங்காட்டுச் செப்பேடு. திருத்தணி வட்டத்தைச் சேர்ந்த திருவாலங்காட்டில் 1905இல் கண்டெடுக்கப்பட்ட இச்செப்பேட்டுத் தொகுதியில் 31 ஏடுகள் உள்ளன. இது முதலாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டுக்குரியது. வடமொழிப் பகுதி சோழர் குலவரலாற்றை விரிவாகக் கூறுகிறது. ஆதித்த கரிகாலன் மறைந்தபின் மக்கள் அருள்மொழிவர்மனை அரசேற்க வேண்டினர் என்றும், சிறிய தந்தை உத்தம சோழனுக்கு அரசின்மேல் விருப்பம் உள்ளவரை தான் அதை விரும்புவதில்லை என்று அவன் மறுத்தான் என்றும் அதில் உள்ளது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனின் உச்சக்கட்டத்துக்கு அடித்தளம் இதுவே. மணிரத்னம் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட படமும் இதன்மேல் நிற்கிறது.

ஆதித்த கரிகாலனின் கொலை (ஏறத்தாழ 970) பற்றிய மற்றொரு சான்று, காட்டுமன்னார்கோயில் பகுதியிலுள்ள உடையார்குடிக் கல்வெட்டு. இரவிதாசன் முதலியோர் கொலைக்குக் காரணமானவர்கள் என்று அது பெயர் சுட்டுகிறது. கொலைக்கான காரணத்தை அது கூறவில்லை. நந்தினி என்ற பாத்திரம் அவ்வெற்றிடத்தை நிரப்பக் கல்கி படைத்தது. படம் பார்த்தவர்கள் நந்தினியைக் கல்வெட்டில் தேடினால் கிடைக்கமாட்டாள்.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே, 949இல், அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படை சோழரை வென்றது. இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே கொல்லப்பட்டான். கங்க மன்னன் பூதுகன் அவனைக் கொன்ற செய்தி, கருநாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டில் சக ஆண்டு 872 எனக் காலத்தோடு பொறிக்கப்பட்டுள்ளது. சக ஆண்டு கிடைத்ததால் இது சோழர் வரலாற்றில் உறுதியான ஆண்டுகளுள் ஒன்றாயிற்று. தோல்வியை வென்றவன் நாட்டுக் கல்வெட்டிலிருந்து அறிய நேர்வது வரலாற்றில் புதிதன்று.

பிற்காலச் சோழரும் பாண்டியரும்

தமிழின் முதல் சினிமாசுகோப் படமான ராஜராஜ சோழன் (1973), அரு. இராமநாதனின் நாடகத்தைத் தழுவியது. இராசராசன் 985இல் முடிசூடினான், தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் நிறைவுற்றது. இப்படத்தில் வேங்கி நாட்டு விமலாதித்தனைக் காதலிக்கும் குந்தவை இராசராசனின் மகள். பொன்னியின் செல்வனில் வருபவர் அவனுடைய தமக்கை குந்தவை. பெயர் ஒன்றாயிருப்பதால் இருவரையும் ஒருவராகக் கொள்ளும் பிழை அடிக்கடி நேர்கிறது.

இராமானுசர் (மரபின்படி 1017–1137) வாழ்வு 1938இல் திரைப்படமாகவும், 2015 முதல் மு. கருணாநிதியின் எழுத்தில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. கம்பரின் மகன் பற்றிய அம்பிகாபதி இருமுறை படமானது (1937, 1957). அக்கதையின் குலோத்துங்கன் எவன் என்பது தெளிவில்லை. கம்பரைப் பலர் மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்தில் வைக்கின்றனர். ஒட்டக்கூத்தரோ விக்கிரம சோழன் முதல் மூவரின் அவையில் இருந்தவர். இருவரையும் ஒரே அவையில் மோதவிடுவது மரபுக்கதை.

அகிலனின் கயல்விழியைத் தழுவிய மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன் (1978), பாண்டியர் மீண்டும் எழுந்த 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குரியது. எம். ஜி. ஆர். முதலமைச்சரான பிறகு வெளிவந்த படம் இது. செல்வராகவனின் ஆயிரத்தில் ஒருவன் (2010) கற்பனைப் படமே ஆயினும், அதன் கதை சோழ அரசின் இறுதி ஆண்டான 1279இலிருந்து தொடங்குவதால் இங்குக் குறிக்கப்படுகிறது. 1965இல் இதே பெயரில் வந்த படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

விசயநகரக் காலம்

இதற்குப்பின் வரிசையில் நீண்ட இடைவெளி காணப்படுகிறது. மாலிக் கபூரின் 1311 படையெடுப்பையும் அதன்பின் எழுந்த மதுரைச் சுல்தானகத்தையும் தாண்டி, டி. எம். சௌந்தரராசன் நடித்த அருணகிரிநாதர் (1964) 15ஆம் நூற்றாண்டில் நிற்கிறது. திருத்தணி முருகன்மீதும் திருப்புகழ் பாடிய இவர், பிரபுடதேவராயன் காலத்தவராகக் கொள்ளப்படுகிறார்.

தெனாலி ராமன் (1956) கிருட்டிணதேவராயர் (1509–1529) அவையில் நடப்பது. பி. எஸ். ரங்கா இதைத் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தார். அரசராக இரண்டிலும் என். டி. ராமராவ் நடித்தார். 2014இல் வடிவேலு நடித்த தெனாலிராமன் கற்பனை நாட்டில் நடப்பதால் இவ்வரிசையில் சேராது.

பாளையக்காரர் காலம்

ராஜா தேசிங்கு (1960), ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு 1714இல் இறந்த செஞ்சி மன்னனின் கதை. நாட்டார் கதைப்பாடல்களில் வழங்கிய வடிவமே படத்துக்கு நெருக்கமானது. 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கான் பற்றிய மருதநாயகம், 1997இல் இங்கிலாந்து அரசி எலிசபெத் கலந்துகொண்ட விழாவில் தொடங்கப்பட்டும் நிறைவு பெறவில்லை. ஆகவே 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு வெற்றிடம் உள்ளது.

பி. ஆர். பந்துலுவின் வீரபாண்டிய கட்டபொம்மன் (1959), 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரின் கதை. அவர் ஆட்சியர் சாக்சனை 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்தித்தது ஆவணங்களில் உள்ளது. அச்சந்திப்பில் பேசியதாகப் பள்ளி மேடைகளில் தலைமுறைகளாக ஒப்பிக்கப்படும் வசனம் சக்தி கிருட்டிணசாமி எழுதியது. ஆவணத்தில் உள்ள சந்திப்பையும் எழுத்தாளரின் வசனத்தையும் வேறுபடுத்தாமல் தேர்வுத்தாளில் எழுதும் மாணவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. கண்ணதாசன் தயாரித்த சிவகங்கைச் சீமை (1959), இதற்கு அடுத்து 1801இல் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களைப் பற்றியது.

19, 20ஆம் நூற்றாண்டுகள்

பா. ரஞ்சித்தின் தங்கலான் (2024), 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வட ஆற்காட்டிலிருந்து கோலாருக்குப் பொன் தேடிச் சென்றவர்களின் கதை. இதன் கதையின் நடுவே வருபவர்கள் அரசரல்லாத மாந்தர். தேயிலைத் தோட்டக் கொத்தடிமைகளைப் பற்றிய பரதேசி (2013), 1930களில் நடக்கும் கேப்டன் மில்லர் (2024) ஆகியன இவ்வகையின. பாரதி (2000), ராமானுஜன் (2014), காமராஜ் (2004), பெரியார் (2007) ஆகியவை தனிமனிதர் வரலாறுகள். மதராசபட்டினம் (2010) 1945–47 ஆண்டுகளிலும், ஹே ராம் (2000) பெரும்பகுதி 1946–48 ஆண்டுகளிலும் அமைகின்றன.

இவற்றுள் கப்பலோட்டிய தமிழன் (1961) தனியே குறிப்பிடத்தக்கது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தையும் அவரது சிறைவாழ்வையும் கூறும் இப்படம், ம. பொ. சிவஞானம் எழுதிய நூலை அடிப்படையாகக் கொண்டது. கட்டபொம்மன் வரலாற்றை நூலாக எழுதிப் பரப்பியவரும் அவரே. 1959 முதல் 1961 வரையிலான மூன்று ஆண்டுகளில் மட்டும் இக்கட்டுரையில் கூறப்பட்ட ஐந்து படங்கள் வெளிவந்துள்ளன. மொழிவழி மாநிலங்கள் அமைந்து எல்லைகள் வரையப்பட்ட காலம் அது. ம. பொ. சி. அதே ஆண்டுகளில் வடக்கெல்லைப் போராட்டத்தை முன்னின்று நடத்திவந்தார். 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, படாசுகர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அபராசிதனின் கோயிலும் திருவாலங்காடும் அதனுடன் இப்பக்கம் வந்தன.