வீட்டுக்கல்வியும் அருகமைப் பள்ளியும்: ஜேடர்பாளையத்தை முன்வைத்து

பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தருவதா, அரசுப் பள்ளிக்கு அனுப்புவதா என்ற விவாதம் பெரும்பாலும் படித்த, வசதியுள்ள நகரத்துக் குடும்பங்களை மனத்தில் வைத்தே நடக்கிறது. நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையத்தை முன்வைத்தால் கேள்வியே மாறிவிடுகிறது.

ராஜவாய்க்கால் பிரியும் இவ்வூரைச் சுற்றிக் கரும்புத் தோட்டங்கள், வெற்றிலைக் கொடிக்கால்கள், வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள். கொப்பரையில் கொதிக்கும் பாகில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்க்கும் பெரியவரின் பக்கத்தில் நிற்கும் பிள்ளை எதையோ ஆழமாகக் கற்றுக்கொள்கிறது. வீட்டுக்கல்வியை ஆதரிப்போர் போற்றும் 'செய்து கற்றல்' இதுவே. அதன் மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கொப்பரைக்கு அதே பிள்ளை நாள் முழுக்கச் சக்கை தள்ளினால் அது கல்வியல்ல, கூலி வேலை. இரண்டுக்கும் இடையிலான கோடு மெல்லியது. கடன்பட்ட குடும்பத்தின் கண்ணுக்கு அது தெரியாமலே போகலாம். வெளியாள் ஒருவர் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பிள்ளை வராதது தெரியும். பள்ளியின் வருகைப் பதிவேட்டை நான் பெரிதாக எண்ணுவது இதனால்தான்.

வரலாறும் எச்சரிக்கிறது. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ மாவட்டந்தோறும் கல்விநிலையைக் கணக்கெடுக்கச் சொன்னார். சென்னை நகரில் பள்ளியில் படித்தோரைவிட வீட்டில் படித்தோரே பல மடங்கு அதிகம் என்று பதில் வந்தது. மன்றோ அந்த எண்ணை முழுதாக நம்பவில்லை. எண் சரியென்றே வைத்துக்கொண்டாலும், சொல்லித்தர ஆளும் நேரமும் இருந்த வீடுகள் எவை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. எழுத்து நுழையாத வீட்டுப் பிள்ளைக்கு வீட்டுக்கல்வி என்றால் கல்வியின்மைதான்.

2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வியை உரிமையாக்கியது. பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றது. வீடு சார்ந்த கல்விக்கு 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தந்தது, அதுவும் பல்வகைக் குறைபாடோ கடும் குறைபாடோ உடைய பிள்ளைகளுக்கு மட்டும். இந்த எல்லை சரியென்றே கருதுகிறேன்.

நாமக்கல் வட்டாரத்தில் வீட்டுக்கு உண்மையான போட்டி விடுதிப் பள்ளிதான். மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகளை இங்குள்ள தனியார் விடுதிகளில் கொண்டுவந்து சேர்த்தார்கள். 11ஆம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாண்டும் 12ஆம் வகுப்புப் பாடத்தையே உருவேற்றும் வழக்கம் தனியார் பள்ளிகளில் வேரூன்றியது. 2017இல் அரசு தரவரிசை அறிவிப்பை நிறுத்தி, 11ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவர நேர்ந்தது. விடுதியில் மதிப்பெண் கிடைத்தது. கொப்பரையடியும் பாட்டியின் பேச்சும் கிடைக்கவில்லை.

வீட்டையும் பள்ளியையும் சேர்த்தே பிள்ளைக்குத் தருவது நடந்துபோகும் தூரத்திலுள்ள அரசுப் பள்ளி ஒன்றே. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், விடியுமுன் வேலைக்குப் போகும் தாயின் சுமையைப் பள்ளி பகிர்ந்துகொள்வதுதான். 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யோ எதிர்த்திசையில் வந்தது: மாலையில் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர் ஒருவர் பிள்ளைகளை வீட்டருகே உட்காரவைத்துச் சொல்லித்தந்தார். அந்தப் பிள்ளைகளில் எவர் பெயரும் பள்ளிப் பதிவேட்டிலிருந்து நீங்கவில்லை. வீட்டுக்கல்விக்குத் தனி அங்கீகாரம் கேட்போர், தம் பிள்ளையின் நிலையை வெளியாள் ஒருவர் தவறாமல் வந்து பார்ப்பதற்கு முதலில் ஒப்ப வேண்டும்.