மண்சுவர் காத்த மாண்பு

மழை மேகங்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லாத மலைமறைவில் அமைந்தது ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கு. இமாச்சலப் பிரதேசத்தின் லாகுல்-ஸ்பிட்டி மாவட்டத்தைச் சேர்ந்த இந்நிலத்திற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, 4,500 மீட்டருக்கும் மேல் உயர்ந்த குன்சும் கணவாய். குளிர்காலத்தில் பனி அதனை முற்றிலும் அடைத்துவிடும். மற்றொன்று, கின்னௌர் வழியே சட்லஜ் ஆற்றைத் தொடர்ந்து ஏறும் நெடுஞ்சாலை. ஸ்பிட்டி என்னும் சொல்லுக்கு 'நடுநிலம்' என்று பொருள் கூறுவர். திபெத்திற்கும் இந்தியாவிற்கும் இடையே கிடக்கும் இவ்வறண்ட மண்ணில், ஆயிரம் ஆண்டு கடந்தும் வழிபாடு அணையாத ஓர் இல்லம் இருக்கிறது. அதுவே தாபோ மடம்.

தொலைவிலிருந்து நோக்கும்போது அது மடமாகவே தோன்றுவதில்லை. மண் மதிலுக்குள் ஒன்பது தாழ்ந்த கோயில்கள், கோபுரமில்லை, பொற்கலசமில்லை. குனிந்து உள்ளே நுழைந்தால், மேற்கூரைத் திறப்பின் வழியே விழும் சிற்றொளியில் வேறோர் உலகம் விரிகிறது. சுவர்களில் ஆளுயரச் சுதைச் சிற்பங்கள் 32 அந்தரத்தில் அமர்ந்திருக்கின்றன. நடுவே நாற்றிசையும் நோக்கும் வைரோசன புத்தர். சுவரெங்கும் ஓவியங்கள், அவற்றில் காசுமீரக் கலைஞரின் கைவண்ணத்தைக் காண்கிறோம்.

இவ்வில்லத்தை 996ஆம் ஆண்டில் எழுப்பியவர் மேற்குத் திபெத்தின் குகே நாட்டு அரசர் யேஷே ஓ. அவருக்குத் துணைநின்றவர் ரின்சென் சங்போ என்னும் துறவி. நல்ல நூல்களும் ஆசிரியரும் இன்றித் தம் மக்களின் சமயவாழ்வு தளர்ந்ததைக் கண்ட அரசர், 21 இளைஞரைக் காசுமீரத்திற்குக் கற்க அனுப்பினார் என்பது திபெத்திய மரபு. வெப்பமும் நோயும் தாக்கிப் பலர் மாண்டனர். திரும்பியோர் இருவரே என்று அம்மரபு கூறும். அவருள் ஒருவரான ரின்சென் சங்போ தம் நெடிய வாழ்நாளை வடமொழி நூல்களைத் திபெத்திய மொழிக்குப் பெயர்ப்பதிலேயே செலவிட்டார். இன்றும் அவரை 'மாபெரும் மொழிபெயர்ப்பாளர்' என்றே அழைக்கின்றனர். 1042இல் சாங்சுப் ஓ என்னும் அரசமரபினர் தாபோவைப் புதுப்பித்தார் என்பதைக் கோயிற் சுவரிலுள்ள கல்வெட்டொத்த எழுத்துகளே சான்றுரைக்கின்றன.

இதே குகே நாட்டின் வரலாற்றில் நம் திருச்சபையின் ஓர் ஏடும் கலந்திருக்கிறது. 1624இல் போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி அந்தோனியோ தெ அந்திராதே, பத்ரிநாத் செல்லும் அடியார் கோலத்தில் புறப்பட்டு, பனியின் ஒளியால் கண்பார்வை மங்க, மானா கணவாயைக் கடந்து, அந்நாட்டுத் தலைநகராகிய சப்பராங்கை அடைந்தார். அரசர் அவரை அன்புடன் ஏற்றார். 1626ஆம் ஆண்டு ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழாவன்று, அங்கே கோயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆனால் அரசருக்கும், தலைமை லாமாவாக விளங்கிய அவருடைய உடன்பிறந்தாருக்கும் இடையே பகை முற்றியிருந்தது. மடங்களின் செல்வாக்கை ஒடுக்க முனைந்த அரசர், அயல்நாட்டுக் குருக்களுக்குக் காட்டிய ஆதரவு அப்பகைக்கு மேலும் எண்ணெய் வார்த்தது. 1630இல் கலகம் வெடித்தது, லடாக்கியர் படையெடுத்தனர், அரசர் சிறைப்பட்டார், குகே வீழ்ந்தது. அடுத்த ஆண்டு பிரான்சிஸ்கு தெ அசவேதோ என்னும் துறவி லே நகர்வரை நடந்து, லடாக் மன்னரிடம் பணியைத் தொடர இசைவு பெற்றார். எனினும் சில ஆண்டுகளில் அப்பணி முடிவுற்றது.

இதனை எண்ணிப் பார்க்கும் நமக்கு ஒரு கேள்வி எழாமலிராது. தாபோவும் அரசர் கட்டியதுதானே? சப்பராங்கின் கோயில் பத்தாண்டும் நிலைக்காதபோது, இது மட்டும் நிலைத்ததேன்? அந்திராதேயின் துணிவிலோ ஈகத்திலோ குறை காண்பதற்கில்லை. ஆயினும் அவர் நட்ட செடி, அரண்மனை நிழலை விட்டு மக்களின் மண்ணில் வேரூன்றக் காலம் வாய்க்கவில்லை. தாபோவிலோ, அரசு அழிந்த பின்னும் ஊர்மக்கள் எஞ்சியிருந்தனர். அவர்கள் மொழியில் நூல்கள் எஞ்சியிருந்தன. அவர்களே கூரைக்கு மண்ணிட்டனர். விளக்குக்கு நெய் வார்த்தனர்.

இப்பாடத்தை நம்மவருள் ஒருவர் பின்னாளில் வாழ்ந்தே காட்டினார். 1716இல் லாசாவை அடைந்த இயேசு சபைத் துறவி இப்பொலித்தோ தெசிதேரி, மடத்துப் பள்ளியில் மாணவராக அமர்ந்து பௌத்த நூல்களைக் கற்று, திபெத்திய மொழியிலேயே நூல்கள் இயற்றினார். அதே மனிதர் பின்னர்ப் புதுச்சேரிக்கு வந்து தமிழ் கற்க முற்பட்டார் என்பது நமக்குப் பெருமிதம் தரும் செய்தி. பிறர் மொழியைப் பணிந்து கற்பவன் பிறர் உள்ளத்தின் வாயிலில் காலணியைக் கழற்றி நிற்கிறான்.

1975ஆம் ஆண்டு நிலநடுக்கம் தாபோவை உலுக்கியது. மக்கள் மீண்டும் எழுந்தனர். 1983இல் புதிய மண்டபம் அமைந்தது. 1996இல் ஆயிரமாண்டு விழாவிற்குத் தலாய் லாமா வந்து காலசக்கரப் போதனை வழங்கினார். இன்று அம்மண்சுவர்களுக்குப் பகை படைகளல்ல, மழை. வறட்சியை நம்பிக் கட்டிய கூரை பெருமழையைத் தாங்காது. பருவங்கள் தடம் மாறும் இக்காலத்தில், ஒரு மழைநாள் போதும், ஆயிரமாண்டு ஓவியம் சேறாய் வழிய.

அவ்விடம் செல்லும் அன்பர்கள் அங்கே குரல் தாழ்த்துவார்களாக, சுவரைத் தொடாதிருப்பார்களாக. பிறர் இறைப்பற்றுடன் பேணிய ஒன்றை மதித்துக் காப்பதும் நம் இறைப்பற்றின் ஓர் அங்கமே.